வாளியும் கயிறும்



சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி என்னைக் காண வந்தாள். என்னிடம் படித்தவள். கொழும்பில் கணக்காளர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு அறை பார்க்க வேண்டும். வெள்ளவத்தையா, தெஹிவளையா, தெமட்டகொடையா என்று வீட்டில் மூன்று கட்சி. வாடகை எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அவளே விசாரித்து வைத்திருந்தாள். என்னிடம் கேட்டது வேறு.

“எந்தப் பக்கம் போனா நம்மள ஏத்துக்குவாங்க, சேர்? அத எப்படிக் கண்டுபிடிக்கிற?”

நான் ஆலங்குடாவை விட்டு எங்கும் குடிபோனதில்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் ஆசிரியத் தொழில் பார்த்ததும் இந்தக் கற்பிட்டிக் குடாநாட்டுக்குள்ளேதான். ஆகவே பதில் சொல்லத் தகுதியற்றவன். ஆனால், அந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அவளுடைய பாட்டன். அவர் எங்கள் ஊரைத் தெரிந்தெடுத்த கதையை அவளுக்குச் சொன்னேன். அதில் என் பங்கு அவ்வளவு பெருமைக்குரியதல்ல என்பதால், அவளுக்குச் சொல்லாத சிலவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

1990 ஒக்டோபர் மாத இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையினால் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுள் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள் பலர் வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மாரி தொடங்கும் காலம். நனைந்த உடுப்போடு, குழந்தைகளைத் தோளில் போட்டபடி மணலில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஆசிரிய நியமனம் கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன.

பள்ளிவாசல்களில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தார்கள். கந்தூரிக்கு எடுக்கும் கிடாரங்கள் அடுப்பேறின. பாடசாலைக் கட்டடங்கள் நிறைந்தன. வாங்குமேசைகளை வெளியே எடுத்துத் தென்னைமரத்தின் கீழ் போட்டோம். இவையெல்லாம் எழுதப்பட்ட சரித்திரம். எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியற் பேராசிரியராக இருந்த காலஞ்சென்ற எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது முதல் வாரத்துக்குப் பிறகு நடந்ததை.

முதல் வாரம் எவரும் எதையும் தெரிந்தெடுக்கவில்லை. எங்கே இடமிருந்ததோ அங்கே படுத்தார்கள். நாட்கள் செல்ல, “இனி இங்கே எங்கே இருப்பது?” என்ற கேள்வி எழுந்தது. சிலர் சொந்தக்காரரைத் தேடிப் போனார்கள். சிலர் தம் ஊரவர் கூட்டமாய் இருந்த முகாமைத் தேடினார்கள். ஒருவர் மாத்திரம் கால்நடையாக ஊர் ஊராய்ப் போய்த் தண்ணீர் கேட்டார்.

அவர் மன்னாரில் இரண்டு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. எங்கள் ஊரில் கடைசி வரை அவருக்குச் ‘சம்மாட்டியார்’ என்றே பெயர். ஒரு நாள் பகல் எங்கள் வளவுப் படலையில் நின்று ஸலாம் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கேட்டார். உம்மா அடுப்படியில் வேலையாக இருந்தார். வெளியே வந்து, கிணற்றுக் கட்டில் கிடந்த வாளியையும் கயிற்றையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். மறுநாள் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் என்று பதினொரு பேரோடு வந்து என் வாப்பாவிடம், “இந்த வளவில ஒரு மூலையில கொட்டில் போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டார்.

ஏன் எங்கள் வீடு என்று அவர் சொன்னது பல வருடங்களுக்குப் பின்னர்தான். “மற்ற இடங்கள்லயும் நல்லவங்கதான் மாஸ்டர். ஒருத்தரும் இல்லேங்கல்ல. ஆனா அள்ளி ஊத்துனாங்க. நான் கைய ஏந்திக் குடிச்சன். உங்க உம்மா வாளியத் தந்தாங்க.”

இதைக் கேட்டபோது எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. ஆசிரியனுக்கு எதைக் கண்டாலும் பாடப்புத்தகம் நினைவுக்கு வருவது ஒரு வியாதி. கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியில் வந்து தங்குகிறார்கள். மதுரை அக்காலத்து மாநகரம். கோவலன் நகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறான். நகருக்குள் அவனுடைய குலத்தவரான வணிகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போ என்றுதான் முதலில் யோசனை சொல்லப்படுகிறது. அந்நேரம் ஆயர் குலத்து மாதரி அவ்வழியே வருகிறாள். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகக் கொடுத்துவிடுகிறார். மாடமாளிகை வேண்டாம், மாடு கட்டும் சேரியே தீங்கற்றது என்பது அந்தத் துறவியின் கணிப்பு. இதை எல்லோரும் படித்திருப்போம். நான் அதிகம் கவனியாமல் விட்ட இடம் அடுத்தது. அந்த வீட்டார் கண்ணகிக்குச் சோறு சமைத்துப் போடவில்லை. தனி மனை கொடுத்து, சமைப்பதற்குக் கலங்களும் அரிசியும் காய்கறியும் கொடுத்தார்கள். அவள் தன் கையால் சமைத்துத் தன் கணவனுக்குப் பரிமாறினாள். இளங்கோ அந்தப் பாத்திரங்களை மறக்காமல் எழுதியிருக்கிறார். கோவலன் சாவக நோன்பி என்பதால் அப்படி என்று உரை சொல்லலாம். சம்மாட்டியாரைச் சந்தித்த பிறகு எனக்கு அந்த உரை மட்டும் போதவில்லை.

ஆனால் நேயர்களே, கண்ணகி அந்த வீட்டில் வாழ்ந்த நாட்கள் மிகச் சில. மாதரிக்கு அவளோடு கிணற்றடியில் சண்டை பிடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது.

எங்கள் நிலத்தின் தன்மையைச் சற்றே சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவே மணல். ஆறு கிடையாது. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு அதே கணக்கில் ஏறி வரும். இந்த மெல்லிய நீரை நம்பித்தான் மிளகாய், வெங்காயம், புகையிலை எல்லாம். இதை நம்பியே இரண்டு மடங்கு சனமும் வந்து சேர்ந்தது.

சனம் கூடியபோது கூலி இறங்கியது. எங்கள் ஊர் ஏழைகளுக்கு அது வயிற்றிலடி. முகாமில் இருப்போருக்கு அரிசி, பருப்பு, சீனி நிவாரணமாக வருகிறது, நமக்கு என்ன வருகிறது என்ற முணுமுணுப்பு எழுந்தது. கடலோ வந்தவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. கரைவலைப் பாடுகள் தலைமுறை தலைமுறையாக உரிமைப்பட்டவை. இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், பிறருடைய வலையின் கயிற்றை இழுத்து நாட்கூலி வாங்கினார். ஒருநாளும் அதைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

1996ஆம் ஆண்டுக் கோடையில் என் வெங்காயப் பாத்தி நுனி கருகத் தொடங்கியது. தண்ணீரில் உப்பு. அதற்கு முந்திய வருடம் வாப்பா மௌத்தாகி, வளவு என் பொறுப்பில் இருந்தது. இறைக்கும் மெஷின் வாங்கிய கடன் வேறு. பதினொரு பேர் இப்போது பதினேழு பேர் ஆகியிருந்தார்கள். கிணற்றைச் சுற்றிக் கிடுகு வேலி அடைத்து, படலைக்குப் பூட்டுப் போட்டேன். காலையில் ஒரு மணி நேரம் திறப்பதாகச் சொன்னேன். கிணற்றை வற்றச் செய்தது என்னுடைய மெஷினா, அவர்களுடைய குடமா என்று அன்று நான் கணக்குப் பார்க்கவில்லை. கணக்குப் பார்த்திருந்தால் பூட்டை மெஷினுக்கல்லவா போட்டிருக்க வேண்டும்.

சம்மாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவியும் மருமக்களும் கால் மைலுக்கு அப்பாலுள்ள பள்ளிக் கிணற்றுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் காலை பார்த்தால், என் உம்மாவும் இடுப்பில் குடத்தோடு அவர்களுடன் போய்க்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் மறித்தேன்.

“உம்மா, நமக்குக் கிணறு இருக்கே!”

“அது ஒங்கிணறு. வாளியக் குடுத்தது நான். திருப்பி வாங்க ஒனக்கு ஆரு சொன்ன?”

பதினொரு நாள் நடந்தார். அறுபது வயது கடந்தவர், மூட்டு வருத்தக்காரி. பன்னிரண்டாம் நாள் வேலியைப் பிரித்தேன். அந்தக் கிடுகைக் கொண்டு சம்மாட்டியாரின் கொட்டிலுக்குக் கூரை மேய்ந்ததாகச் சொன்னால் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. அந்தப் பெண்கள் மேலும் ஒரு வருடம் வரையில் பள்ளிக் கிணற்றுக்கே போனார்கள். பிள்ளைகள் மாத்திரம் எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள். திறந்த படலைக்குள் வருவதற்கும் மனிதருக்கு ஒரு காலம் தேவைப்படுகிறது.

இன்னொன்று. பாடசாலைக்கு அவ்வப்போது படிவங்கள் வரும், இடம்பெயர்ந்த மாணவர் எத்தனை பேர் என்று. நாங்கள் செய்வது சுலபமான காரியம்: வகுப்பில் போய், “அகதிப் பிள்ளைகள் எழும்புங்க” என்போம். எழும்பியவர்களை எண்ணுவோம். 2001இல் ஒரு நாள் அப்படி நான் சொன்னபோது, இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் அரைவாசி எழும்பி, பிறகு உட்கார்ந்து, மறுபடியும் எழும்பினான். சம்மாட்டியாரின் பேரன். 1994இல் ஆலங்குடாவில் பிறந்தவன். மன்னாரைக் கண்ணால் கண்டதில்லை. “நான் எழும்பவா, சேர்?” என்று கேட்டான். அந்தப் படிவத்தில் என்ன எண் எழுதினேன் என்பது நினைவில்லை. அவன் முழங்கால் வாங்கில் மோதிய சத்தம் நினைவிருக்கிறது.

வரவேற்கிறோம் என்பவர்கள் வந்தவர்களை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பதினொரு வருடத்துக்குப் பின்னரும் ஒரு பெயர் மாறவில்லையென்றால் வரவேற்பில் எங்கோ கோளாறு இருக்கிறது. பெயர் மட்டுமல்ல, வாக்கு மன்னாரில், வாழ்வு ஆலங்குடாவில் என்ற நிலை யுத்தம் 2009இல் முடிந்த பின்னும் பலருக்கு நீடித்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து வாக்களிக்கச் சென்ற பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்ததை நேயர்கள் அறிவீர்கள்.

2007இல் இடம்பெயர்ந்தோருக்கான வீட்டுத் திட்டம் உலக வங்கியின் கடனுதவியோடு புத்தளத்துக்கு வந்தது. வீட்டுக்குக் காணி உறுதி வேண்டும். சம்மாட்டியார் இருந்த மூலைக்கு வாப்பாவின் வாய்ச்சொல்லைத் தவிர எந்த உறுதியும் இல்லை. அந்தத் துண்டை நன்கொடையாக எழுதித் தருகிறேன் என்றேன். கிணற்றுக் கடனைத் தீர்க்கும் எண்ணமும் உள்ளே இருந்தது. அது அவருக்குத் தெரியாமலில்லை.

“சும்மா வேணாம் மாஸ்டர். விலை சொல்லுங்க” என்றார். “மதீனாவுல என்ன நடந்த? நீங்கதான் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிற.”

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ஹிஜ்ரத்துக் காண்டம் படிப்பித்தவன் நான். நபிகள் நாயகம் அவர்கள் மதீனா நகருக்குள் வந்தபோது ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டுக்கு அழைத்தார்கள். எவர் மனமும் நோகாதபடி, ஒட்டகத்தை விட்டுவிடுங்கள், அது ஏவப்பட்டிருக்கிறது என்றார்கள். ஒட்டகம் போய்ப் படுத்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குரியது. இலவசமாகத் தர முன்வந்தபோதும், விலை கொடுத்தே அதை வாங்கினார்கள். அங்கேதான் பள்ளிவாசல் எழுந்தது. அபூ அய்யூப் அன்ஸாரி அவர்களின் வீடு அதற்கு அருகே.

“எனக்கு ஒட்டகம் இல்ல, வாளிதான் இருந்திச்சு” என்று சிரித்தார் சம்மாட்டியார். “சும்மா வாங்கினா நான் விருந்தாளி. விலை குடுத்தா நாளைக்கு எல்லை வேலிக்கு உங்களோட சண்டை புடிக்கலாம்.”

விலை பேசினோம். ஊர் விலையை விடக் குறைத்துச் சொன்னேன். அவர் கூட்டிக் கேட்டார். வாங்குபவர் விலையைக் கூட்டிய பேரம் எங்கள் ஊரில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தவணை முறையில் கொடுத்தார். கடைசித் தவணையை அவருடைய மூத்த மகன் கொண்டுவந்தார். 2008இல் சம்மாட்டியார் காலமாகிவிட்டார். எங்கள் மையவாடியில், என் உம்மாவின் கபுறுக்குச் சற்றுத் தள்ளி அவருடைய கபுறு. உம்மாவுக்குக் கபுறு தோண்டியவர்கள் அவருடைய பிள்ளைகள். மூத்தவர் யுத்தம் முடிந்ததும் மன்னாருக்குப் போய் மறுபடி வள்ளம் வைத்திருக்கிறார். இளையவர் இங்கேயே இருந்துவிட்டார். எல்லை வேலிக்கு அவருக்கும் எனக்கும் இரண்டு முறை சண்டை வந்திருக்கிறது. இரண்டாவதில் நியாயம் என் பக்கம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த இளையவரின் மகள்தான் அறை தேடிக் கொழும்புக்குப் போனவள். கடைசியில் தெஹிவளையில் ஒரு மாடிவீட்டில் அறை எடுத்திருக்கிறாள். வீட்டுக்காரி ஒரு சிங்கள அம்மா. போன கிழமை தொலைபேசியில் பேசினாள்.

“எப்படிப் புள்ள, அயல்? வாளியக் கையில தந்தாங்களா?”

“இங்க ஏது சேர் வாளி? அடுப்படித் திறப்பு ஒண்டு தந்திருக்காங்க. எப்ப வேணுமெண்டாலும் சமைக்கலாமாம்.”

“அப்ப நல்லவங்கதான்.”

“அவசரப்படாதீங்க சேர்” என்றாள், சம்மாட்டியாரின் பேத்தி. “முதல் மாசத்துக் கரண்ட் பில் வரட்டும். அதுக்குப் பொறகு சொல்றன்.”