கட்டி வைத்த பெட்டி



சென்ற விடுமுறையிலே, எங்கள் பல்லேபொலப் பாடசாலையிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். "படிப்பு எவ்வாறு?" என வினவினேன். "நன்று, ஐயா" என்றார். முகமோ வேறு கூறிற்று. அந்த "நன்று" எனக்குப் பழக்கமானது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பேராதனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் நானும் அதையே எழுதினேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பிலே தோன்றி, 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. மாணவர் ஒருங்கே உறைந்து, உண்டு, உரையாடிக் கற்றல் வேண்டும் என்பது முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் திட்டம். 1906இலேயே சங்கம் நிறுவிப் பல்கலைக்கழகத்துக்காக வாதாடிய சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரை அங்கே ஒரு விடுதி தாங்கி நிற்கிறது.

இவையெல்லாம் அப்போது எனக்குத் தெரியா. ஆங்கில நூல்கள் விளங்கவில்லை என்பது மட்டுமே தெரிந்தது. இரண்டாம் மாதம் பெட்டியைக் கட்டிவிட்டேன். அறைத் தோழர் காலிப் பக்கத்துச் சிங்கள மாணவர். என் பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் பேசாது தம் கட்டிலின் கீழிருந்து தமது பெட்டியை இழுத்தார். அதுவும் கட்டியே இருந்தது!

அன்றிரவு இருவரும் உறங்கவில்லை. என் சிங்களம் மாத்தளைச் சந்தையிற் கற்றது; அவ்விரவுக்கு அது போதுமாயிருந்தது. நாளடைவில் அயலறை மாணவரும் சேர்ந்தனர். இரவுதோறும் ஒரு பக்கம் படிப்போம். விளங்காத சொல்லை விளங்கவில்லை என்றே சொல்வோம். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், முதற் பரீட்சையில் தாம் ஒரு பாடத்திலே தவறிய கதையை எங்களிடம் சொன்னார். எந்த விரிவுரையும் எனக்கு அத்துணை ஆறுதல் தந்ததில்லை.

விடுதி வாழ்வு முழுவதும் இனிமையென்று சொல்லமாட்டேன். பகிடிவதை என்னும் கொடுமையும் அச்சுவர்களுக்குள்ளேதான் வளர்ந்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. ஆயினும் முற்றாக ஒழிந்தபாடில்லை. பிறர் அச்சத்தைக் கண்டு நகைப்பவர் இருக்கும் அறையிலே, "எனக்கு விளங்கவில்லை" என்று எவர் வாய் திறப்பார்?

வந்த மாணவருக்கு இப்பெட்டிக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "பெட்டியை எப்போது அவிழ்த்தீர்கள், ஐயா?" என்றார்.

"ஒரேயடியாக அவிழ்க்கவில்லை, தம்பி. சட்டை வேண்டியபோதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். பரீட்சை வருவதற்குள் அது வெறுமையாகிவிட்டது."

அதன் பின்னரே அவர் தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். மேசைமீதிருந்த தேநீர் ஆறிப்போயிற்று.