ஒரு துளியின் ஒரு நாள்

மலரை முகர்ந்தால் அதன் மணம் அக்கணமே தெரிந்துவிடுகிறது. புட்டியில் அடைத்து விற்கும் வாசனைத் திரவியம் அப்படியன்று. அதை முழுதும் அறிய ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். கல்லூரியில் பல ஆண்டுகள் இரசாயனம் கற்பித்த எனக்கு இது மிகத் தாமதமாகவே விளங்கிற்று. விளங்கவைத்தவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் தாயார்.

என் தமக்கையின் மகள் பாரிஸ் நகரத்திலிருந்து வந்தபோது, “சித்தி, இது உங்களுக்கு” என்று ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்தாள். அதன் பெயர் ‘ஷனேல் ஐந்தாம் எண்’. கபிரியேல் ஷனேல் என்னும் ஆடைக்கலை நிபுணருக்காக, மாஸ்கோவில் பிறந்த எர்னஸ்ட் போ என்பவர் ஆக்கிய கலவை இது. 1921-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. எண்ணிட்டு வைத்த மாதிரிகளுள் ஐந்தாவதை அம்மையார் தேர்ந்தார், எண்ணே பெயராகிவிட்டது. ரோஜா என்றால் ரோஜா, ஊதாப்பூ என்றால் ஊதாப்பூ என்று ஒற்றை மலரை நினைவூட்டும் வாசனைகள் மலிந்திருந்த காலம் அது. இக்கலவையோ மாதருக்கான மலர்மணமாயிருந்தும் எந்த மலரின் பெயரையும் வெளிப்படையாய்ச் சொல்வதில்லை.

காலை பத்து மணிக்கு மணிக்கட்டில் ஒரு துளி வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பொழுதுதான் அணைத்த மெழுகுவர்த்தி, ஆரஞ்சுப் பழத்தோல், பெட்டி போட்ட துணி, உயர்ந்த ரகச் சோப்பு எல்லாம் ஒன்றாய் மூக்கில் ஏறின. பூ எங்கே என்று தேடினேன். இதற்குக் காரணம் ஆல்டிஹைடுகள். பத்து முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட இப்பொருள்களைத் தனியே முகர்ந்தால் கொழுப்பு நாற்றம் அடிக்கும். மிகச் சிறிதளவு சேர்த்தாலோ மலர்மணம் துலங்கும். மீன்குழம்புக்குப் புளி எப்படியோ அப்படி. இதெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆயினும், “வெறும் சோப்பு வாசனை, அம்மா” என்று சொல்லிவிட்டுப் புட்டியை அலமாரிக்குள் தள்ளினேன்.

வாசனைத் திரவியம் என்பது வேகமாய் ஆவியாகும் பொருள்களையும் மெல்ல ஆவியாகும் பொருள்களையும் சாராயத்தில் கரைத்த கலவை. உடற்சூட்டில் முதலில் பறந்து போவன எலுமிச்சை, நாரத்தை இனத்து மணங்கள். அரைமணி நேரத்தில் அவை அடங்க, மலர்களின் முறை வருகிறது. அது சில மணி நேரம் நிற்கும். மரம், வேர், பிசின் ஆகியவற்றின் மணங்கள் கடைசிவரை தங்கும். சிலர் துளியை வைத்தவுடன் மணிக்கட்டுகளைச் சேர்த்துத் தேய்க்கிறார்கள். அது வேண்டாத வேலை. சூடேற்றி முதற்பகுதியை விரைவில் விரட்டுவதாகும்.

நண்பகலில் சோறு பரிமாறக் கையை நீட்டினேன். “ஏட்டி, பிச்சிப்பூ வாசம் வருதே!” என்றார் அம்மா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே மணத்தில் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும், அணிந்தவர்க்கே தெரியாமற்போகும். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து மறுபடி முகர்ந்தார். “இப்போ பறிச்ச பூ இல்லை. ராத்திரி முழுக்கத் தலையில இருந்த பூ.”

தந்தையார் மறைந்தபின் முப்பது ஆண்டுகளாக அம்மா பூவைத் தொட்டதில்லை. திருநெல்வேலியில் எங்கள் வீட்டு வழக்கம் அது. தெருவில் பூக்காரியின் குரல் கேட்டாலே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். “பிரான்சு தேசத்தில் ஏதம்மா பிச்சி?” என்று சிரித்தேன். பிறகு நூல்களைப் புரட்டிப் பார்த்து நாணினேன்.

இக்கலவையின் நடுவில் நிற்பவை ரோஜாவும் மல்லிகையும். அந்த மல்லிகை தென்பிரான்சிலுள்ள கிராஸ் என்னும் ஊரைச் சுற்றி விளைவது. தாவர நூலின்படி அது நம் பிச்சியேதான். சாதிமல்லி என்று வேறு ஊர்களில் வழங்குவதும் இதுவே. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை விடியற்காலையில் பறிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 8,000 மலர்கள் வேண்டும். ஒரு கிலோ தூய மணச்சத்துக்கோ 600, 700 கிலோ மலர்கள். பறித்த பின்னும் இம்மலர் மணத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால் முன்னாளில் கண்ணாடிப் பலகையில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மலர்களைப் பரப்பி, நாள்தோறும் புதுமலர் மாற்றி மணத்தைக் கொழுப்பில் ஏற்றினார்கள். இன்று ஹெக்ஸேன் போன்ற கரைப்பான் அவ்வேலையைச் செய்கிறது.

அம்மா சொன்ன ‘ராத்திரிப் பூ’வுக்கும் இரசாயனத்தில் ஒரு பெயர் உண்டு: இண்டோல். செறிவாய் முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் பொருள் அது, மலத்திலும் உள்ளது. மல்லிகையில் இயற்கையாகவே சிறிது இருக்கிறது. அதை நீக்கிச் செய்த மல்லிகை மணம் காகிதப் பூவைப்போல் தோன்றும்.

மறுநாள் காலை, நாற்காலியில் கிடந்த என் புடவைத் தலைப்பை அம்மா எடுத்து முகர்ந்தார். முன்தினம் மணிக்கட்டு உரசிய இடம் அது. “பூ போய்விட்டது. சந்தனம் இருக்கு. கொஞ்சம் வெட்டிவேர்.” இரண்டும் சரி. கலவையின் அடித்தளத்தில் அவ்விரண்டும் வனிலாவும் உள்ளன. வெட்டிவேரைப் பிரெஞ்சுக்காரர் ‘வெத்திவேர்’ என்கிறார்கள். தமிழிலிருந்து போன சொல். அதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு வியப்பு ஒன்றும் இல்லை. “பின்னே வேறு என்னவென்று சொல்வார்கள்?” என்றார்.

அன்று மாலை அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து மூடியைத் திறந்தேன். அம்மா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “பூ வைக்கத்தானே கூடாதுன்னாங்க? இது பூ இல்லையே” என்று தம் கையை நீட்டினார். ஒரு துளி வைத்தேன். மற்றக் கையால் தேய்க்கப் போனவரைத் தடுத்து, இரவு படுக்கும்வரை பொறுத்திருந்து பார்க்கச் சொன்னேன்.