மறுபடியும் வந்த நோயும் நாங்கள் இரண்டு பேரும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது உங்களில் பலருக்குத் தெரியும். கீமோ, கரண்டு எல்லாம் முடிந்து அஞ்சு வருஷம் மாத்திரையும் சாப்பிட்டேன். போன வருஷம் இடுப்பு வலி என்று போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் மறுபடியும் வந்திருக்கிறது என்றார்கள். "முழுசா எடுக்க முடியாதும்மா, மருந்தால கட்டுப்படுத்தி வைக்கலாம்" என்றார் டாக்டர்.

முதல் தடவை, "வைத்தியத்தை முடிச்சிட்டா சரியாயிடும்" என்று ஒரு தைரியம் இருந்தது. இரண்டாம் தடவை அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. எங்க வீட்டுக்காரர் பேச்சையே குறைத்துக்கொண்டார். நான் வாயெடுத்தால், "ஒண்ணும் ஆகாது, தூங்கு" என்பார். நான் அழுதால் அவர் உடைந்துபோவார் என்று நானும், அவர் அழுதால் நான் பயந்துபோவேன் என்று அவரும் அடக்கிக்கொண்டே இருந்தோம். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூட்டையைத் தனித்தனியாகச் சுமந்தோம்.

ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் கொடுக்கிற அம்மாதான் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார். அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்தார்: "நீ இல்லாம பிள்ளைங்கள எப்படி வளர்ப்பேன்னு நெனச்சா ராத்திரி தூக்கமே வரல." அதைக் கேட்டு எனக்குப் பயம் வரவில்லை. பாரம் பாதியானது போல இருந்தது.

அதற்கப்புறம் ராத்திரி சாப்பிட்டதும் கால் மணி நேரம் நோயைப் பற்றிப் பேசுவோம். மற்ற நேரத்தில் பிள்ளைங்க படிப்பு, ஊர்க்கதைதான். டாக்டரிடம் கேட்க வேண்டியதை, நம்ம குழுத் தீர்மான நோட்டு மாதிரி ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேருமாகப் போய்க் கேட்கிறோம். பாஸ்புக், காப்பீட்டு அட்டை, கடன் பாக்கி எல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும். கணக்கு தெளிவாக இருந்தால் குழுவில் சண்டை வராது இல்லையா? வீட்டிலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்கிறேன். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தட்டையும் பாயையும் தனியாக வைக்காதீங்க. மருந்து சாப்பிடும்போது உடம்பு ஒத்துழைக்காத நாள் உண்டு. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

உங்களிடம் கேட்பது இதுதான். இப்படி ஒரு வீடு உங்க தெருவில் இருந்தால், "இன்னும் எவ்வளவு நாளாம்?" என்று கேட்காதீங்க. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுங்க. அந்த வீட்டு ஆம்பளையிடமும், "நீங்க சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேளுங்க. மனசு தாங்காதவங்க 14416-க்குப் போன் பண்ணலாம், டெலி மானஸ், காசு கிடையாது. 30 வயசு தாண்டினவங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. கட்டி தட்டுப்பட்டால் வலி வரும்வரை காத்திருக்காதீங்க.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு நான் வருவேன். சிகிச்சை நாளாக இருந்தால் என் சேமிப்பைக் கட்ட அவர் வருவார். அவருக்கும் ஒரு டீ கொடுங்க.