வயல்வெளியில் ஒரு ரொக்கெட் நாள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வீரமுனைப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

நாங்கள் வீரமுனைப் பிள்ளைகள். காரைதீவுச் சந்தியில் பஸ் மாறி, முதல் மணி அடித்த பிறகு மூச்சிரைக்க வந்து நிற்பவர்கள் என்று சொன்னால் ரீச்சர்மாருக்கு உடனே ஞாபகம் வரும். இன்று நேரத்துக்கே வந்துவிட்டோம்.

எங்களுக்கு வானம் அறிமுகமான விதம் வேறு. 1990ஆம் ஆண்டு எங்கள் ஊர்ச் சனம் பிள்ளையார் கோயிலிலும் பாடசாலையிலும் தஞ்சம் இருந்தது. மேலே ஏதும் இரைந்தால் குப்புறப் படுக்க வேண்டும் என்பதே அந்த வயதில் நாங்கள் படித்த பாடம். அதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் ரொக்கெட் விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மருந்து வைத்த ரொக்கெட்டுக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை. தண்ணீர் ரொக்கெட்டுக்குச் சம்மதித்தோம். தேவையானவை ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல், மட்டை, துளையிட்ட தக்கை, சைக்கிள் வால்வு, சைக்கிள் பம்ப். சோடாப் போத்தலாகவே இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர்ப் போத்தல் அழுத்தம் தாங்காது. போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மீதியில் காற்றை அடைக்க வேண்டும். அடைபட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ள, தண்ணீர் போத்தலை மேலே தள்ளும். பத்தாம் ஆண்டில் நாங்கள் பாடமாக்கி ஒப்புவித்த நியூட்டனின் மூன்றாம் விதி இவ்வளவுதான்.

அறுவடை முடிந்த வயலில் கூடினோம். முதலாவது போத்தல் தக்கை வழியே ஒழுகி எங்கள் எல்லோரையும் நனைத்தது. இரண்டாவதற்கு மட்டைச் செட்டை கோணல். வரம்போடு ஓடிச் சேற்றில் விழுந்தது. அந்தச் சீறலைக் கேட்டு, வேலியோரம் நின்ற எங்கள் அம்மா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை.

"இனிச் சரிவராது, வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஒரு மகள். அப்போதுதான் அவர்களுக்கு 750 பிள்ளைகளின் கதையைச் சொன்னோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

இந்தியாவின் 75 பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள், சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில் 'ஆசாதிசாட்' என்ற சிறு செய்மதிக்குக் கருவிகள் செய்தார்கள். மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். செய்மதியின் எடை சுமார் எட்டுக் கிலோ. 2022 ஆகஸ்ட் 7ஆம் திகதி காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ரொக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது. ரொக்கெட்டுக்கும் அதுதான் முதல் பயணம். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஒரு கண அதிர்வு. உணரிகள் பழுதாகிவிட்டன என்று ரொக்கெட்டின் கணினி தவறாக எடுத்துக்கொண்டது. 356 கிலோமீற்றர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செய்மதி, ஒரு பக்கம் 76 கிலோமீற்றருக்கு இறங்கும் பாதையில் விடப்பட்டது. அந்த உயரத்தில் எதுவும் நிலைக்காது. மாதக்கணக்கில் செய்த வேலை விழுந்து போனது.

அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. ரொக்கெட்டில் பிழை எங்கே என்று அதைச் செய்தவர்கள் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரி 10ஆம் திகதி, அதே ஏவுதளத்திலிருந்து 'ஆசாதிசாட்-2' போனது. 450 கிலோமீற்றர் உயரத்தில் சரியாகச் சேர்ந்தது.

நம் நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. இலங்கையின் முதல் செய்மதியான 'ராவணா-1' ஒரு கிலோ அளவான சின்னப் பெட்டி. ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் செய்தது. அவர்களில் துலானி சாமிக்கா ஒரு பெண். நம் நாட்டு நேரப்படி 2019 ஏப்ரல் 18ஆம் திகதி அதிகாலை அது விண்ணுக்குப் போனது. அந்தச் சந்தோஷம் மூன்று நாள்தான். 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அந்த வாரம் முடிய முன்னர் சாய்ந்தமருதிலும் வெடிச்சத்தம். நம் பிள்ளைகளும் சத்தத்துக்குப் பயப்படப் பழகினார்கள். அந்த யூன் மாதம் ராவணா விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டு உலகைச் சுற்றத் தொடங்கியபோது, இங்கே எத்தனை பேர் கவனித்தோம்?

சரி, வயலுக்கு வருவோம். மூன்றாவது போத்தலுக்குச் செட்டையைக் கழற்றித் திருப்பி ஒட்டினோம். தக்கைக்கு ரப்பர் சுற்றினோம். எல்லோரையும் தள்ளி நிறுத்தி, நீளக் கயிறு கட்டி இழுத்தோம். அது தென்னை வட்டுக்கு மேலே போனது. வேலியோரத்து அம்மா முதலில் எழுந்து நின்றார். பிறகு, "இன்னொருக்கா விடுங்கோ, நான் எண்ணுறன்" என்றார். பத்திலிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ணியது அவர்தான்.

பழைய மாணவிகளே, நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டது. எங்கள் வேண்டுகோள் இதுதான்: பாடசாலையில் ஒரு ரொக்கெட் கழகம், ஆண்டுக்கு ஒரு ஏவுநாள். வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை காலை வைப்போம். மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ரொக்கெட் போட்டி நடத்துகிறது. ஆசிய பசுபிக் நாடுகளின் போட்டியில் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள். நம் பிள்ளைகளும் அங்கே நிற்கலாம்.

பம்ப், கண்ணாடி, அழுத்தமானி, போட்டிக்குப் போய்வர பஸ் காசு. இவ்வளவும் ஒரு வளைவு கட்டும் செலவில் சிறு பங்குதான். காசை விட உங்கள் நேரம் தேவை. எங்கிருந்தாலும், பொறியியலாளராக இருந்தாலும் வீட்டில் இருந்தாலும், ஒரு வருடம் ஒருவர் வந்து பிள்ளைகளோடு நில்லுங்கள். போத்தல் விழும்போது பக்கத்தில் நின்று, "பரவாயில்லை, செட்டையைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

முக்காடு போட்டவரும் பொட்டு வைத்தவரும் ஒரே வாங்கில் இருந்து படித்த பாடசாலை இது. நம் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கட்டும். சத்தம் கேட்டதும் நிலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். இவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும்.