மொட்டை மாடி வெப்பம்: செலவு யாருடையது?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொட்டை மாடியில் வெப்பத் தடுப்பு செய்ய மூன்று கொட்டேஷன்கள் வந்துள்ளன. அவற்றை ஒப்பிட்டுச் சொல்லும்படி செயலாளர் கேட்டார். நான் பொறியாளர் அல்ல. வங்கியில் கணக்குப் பார்த்தவன். அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்போது சுவரைவிட மேல்தளம்தான் அதிக வெயிலை வாங்குகிறது. கான்கிரீட் அந்தச் சூட்டை மெதுவாகக் கீழே இறக்கும். அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகும் மேல் மாடியில் மின்விசிறி அனலாக வீசுகிறது. அங்கே வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள்.

முதல் கொட்டேஷன், வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், செலவும் குறைவு. ஆனால் தூசி, பாசி படிந்தால் பலன் குறையும். கோடைக்கு முன் கழுவ வேண்டும். சில ஆண்டுகளில் மறுபடி அடிக்க வேண்டும்.

இரண்டாவது, வெள்ளை கூல் டைல்ஸ். வேலை அதேதான், கூடுதல் காலம் உழைக்கும். ஆனால் தளத்தின் மேல் எடை கூடும்.

மூன்றாவது, தளத்தின் மேல் எக்ஸ்பிஎஸ் பலகை பதித்து, அதற்கு மேல் கான்கிரீட், ஓடு. இது சூட்டை வழியிலேயே மறிக்கும். 5 செ.மீ. பலகை தடுக்கும் சூட்டைக் கான்கிரீட்டே தடுக்க வேண்டுமானால் 2 மீட்டருக்கு மேல் கனம் வேண்டும்.

வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொள்ளலாமே என்கிறார்கள். அறைக்குச் சூடு குறையும்; தளத்துக்குக் குறையாது. அது பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, விரிசல் விடும். கசிவு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

விலையை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, சதுர அடி 30 ரூபாய் பெயின்ட் 4 ஆண்டு வந்தால் ஆண்டுக்கு ஏழரை ரூபாய். 120 ரூபாய் டைல்ஸ் 20 ஆண்டு வந்தால் 6 ரூபாய்தான். எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே வகுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் நீர்க்கசிவை அடைத்து, மழைநீர் ஓட வாட்டம் சரிசெய்ய வேண்டும். டைல்ஸ், பலகை என்றால் தளம் எடை தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கீழ் வீட்டாருக்கு இதில் என்ன லாபம்?" நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் சேர்த்திருக்கிறது. வடாம் காயவைக்க எல்லோருக்கும் உரிமை உண்டென்றால், பராமரிப்பிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. தளத்துக் கம்பி துருப்பிடித்தால் கட்டடத்தின் மதிப்பே இறங்கும். அது எல்லோருடைய நஷ்டம்.

என் யோசனை இது. கசிவு அடைப்பதும் பெயின்ட் செலவும் சங்க நிதியில். பலகைதான் என்று முடிவானால், கூடுதல் தொகையில் பாதியை மேல் மாடி வீட்டார் ஏற்கட்டும். கோடைக்கு முன் வேலை முடிய வேண்டும். ஆகவே இன்றே முடிவெடுங்கள்.