பெயரை மறைத்து எழுதிய சகோதரிகள்



இது இங்கிலாந்து நாட்டில் நடந்த கதை.

அங்கே ஹாவொர்த் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பாதிரியாரின் பெண்களில் மூவரைப் பற்றியது இது. மூவரில் மூத்தவர் சார்லட். அடுத்தவர் எமிலி. இளையவர் ஆன். குடும்பப் பெயர் பிராண்டே. மூவரும் சிறு வயதிலேயே தாயை இழந்தவர்கள்.

சார்லட்டுக்கு எழுதுவதில் தீராத ஆசை. தம் கவிதைகளைப் புகழ்பெற்ற கவிஞர் ஒருவருக்கு அனுப்பினார். 1837-இல் பதில் வந்தது. எழுத்துத் தொழில் பெண்களுக்கு ஆகாது என்றார் அந்தக் கவிஞர்.

சார்லட் எழுதுவதை விடவில்லை. வசதியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். எழுதவும் செய்தார்.

1846-இல் மூவரும் கைக்காசைப் போட்டு ஒரு கவிதைப் புத்தகம் அச்சிட்டார்கள். பெண் எழுதியது என்றால் இளக்காரமாகப் பேசுவார்களே! அதனால் சொந்தப் பெயரைப் போடவில்லை. கரர், எல்லிஸ், ஆக்டன் என்று போட்டார்கள். ஆணா, பெண்ணா என்று தெரியாத பெயர்கள். ஓராண்டில் விற்றவை இரண்டே புத்தகங்கள்!

1847-இல் சார்லட்டின் 'ஜேன் அயர்' நாவல் வந்தது. அதிலும் கரர் என்ற பெயர்தான். ஜேன் ஓர் அநாதைப் பெண். ஏழை. ஆனால், பணக்கார எசமானுக்குச் சமமாக நின்று பேசுவாள்.

புத்தகம் நன்றாக விற்றது. கூடவே ஏச்சும் வந்தது. ஆண் எழுதியிருந்தால் பாராட்டலாம், பெண் எழுதியிருந்தால் தகாது என்றார்கள் சிலர். 1848-இல் ஒரு பத்திரிகை, ஜேனை அடங்காதவள் என்று கண்டித்தது. அப்படி எழுதியவரும் ஒரு பெண்தான். அவர் பெயரும் அதில் இல்லை!

எமிலியும் ஆனும் கூட நாவல் எழுதினார்கள். 1848-இல் எமிலி இறந்தார். 1849-இல் ஆன் இறந்தார். தங்கள் பெயரைப் புத்தகத்தில் பார்க்காமலே போய்விட்டார்கள். 1850-இல் சார்லட் உண்மையை எழுதி அச்சிட்டார். எல்லிஸ், ஆக்டன் இருவரும் தம் தங்கைகளே என்றார்.

1855-இல் சார்லட்டும் இறந்தார். அப்போது வயது 38.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் மூவர் பெயரும் கல்லில் உள்ளன. 1939-இல் செய்த கல் அது. பிராண்டே என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளிகள் வேண்டும். கல்லில் அவை விடுபட்டிருந்தன. 2024-இல்தான் புள்ளி வைத்தார்கள். 85 ஆண்டுகள் கழித்து!

புள்ளி விட்டால் எழுத்து மாறும். இது உங்களுக்கும் தெரியும். உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். மறைக்காமல், முழுதாக எழுதுங்கள்.