48 மணி நேரமும் வடிகால் தண்ணீரும்

(திருவையாற்றில் மாணவர்களும் களப்பணித் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது. பேச்சின் நடையை அதிகம் மாற்றவில்லை.)

என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் நத்தையைப் பற்றிப் பேசப்போகிறேன். நத்தை, வயல் நண்டு, அப்புறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்த்தெள்ளு. சிரிக்க வேண்டாம். நம்மைத் திட்டுவதற்கென்றே இந்த ஊரில் வைத்திருந்த உயிர்கள் இவை. 'நத்தை தின்னி' என்று கேட்காமல் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

நான் விலங்கியல் பட்டதாரி. பிழைப்பு வங்கியில், குமாஸ்தா வேலை. எந்தக் கல்லூரி, எந்த வங்கி என்பது இன்றைய பேச்சுக்குத் தேவையில்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் பேராசிரியர், "யாராவது பைலா குளோபோசா கொண்டுவர முடியுமா?" என்றார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. பைலா குளோபோசா என்றால் வேறொன்றுமில்லை, நம் வயல் நத்தை. அம்மாவும் நானும் விடியற்காலையில் வாய்க்காலில் இறங்கி ஒரு சாக்குப் பை நிறையப் பொறுக்கினோம். பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் அதையே எல்லாரும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள், நோட்டில் படம் வரைந்தார்கள், பாகம் குறித்தார்கள். மத்தியானம் நான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே நத்தைக் கறி. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். லத்தீனில் பெயர் வைத்தால் தீட்டு கழிந்துவிடும் போலிருக்கிறது.

அன்றைக்கு நாங்கள் செய்ததுதான் இன்றைய பேச்சின் விஷயம். பூச்சிமருந்தைப் பல அளவுகளில் கரைத்து, தொட்டிக்குப் பத்து நத்தை வீதம் போட்டு, எவ்வளவு மருந்துக்கு எத்தனை சாகிறது என்று எண்ணுவது. குறுகிய கால நச்சுச் சோதனை என்று இதற்குப் பெயர். மறுநாள் காலை பார்த்தால் ஒரு தொட்டியில் பத்தும் மூடியை இறுக்கிக்கொண்டு கிடந்தன. "பத்தும் அவுட், எழுதிக்கோ" என்றார் பேராசிரியர். எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அம்மா குழம்பு வைப்பதற்கு முன்னால் நத்தையை நல்ல தண்ணீரில் போட்டுவைக்கும். "மூடிக்கிட்டு இருக்கறதெல்லாம் செத்தது இல்லடா. உசுரு இருந்தா தானா தொறக்கும், செத்தது நாறும்" என்று சொல்லும். சாயந்திரம் யாரும் இல்லாதபோது அந்தப் பத்தையும் நல்ல தண்ணீரில் போட்டேன். மூன்று திறந்தன. பேராசிரியரிடம் சொன்னேன், சிரித்தார். பதிவேட்டில் பத்தும் செத்தது என்றுதான் இருக்கும் இன்றைக்கும்.

அம்மா சொன்னது விஞ்ஞானம்தான். அந்த நத்தைக்குக் கோடையில் மண்ணுக்குள் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கத் தெரியும். விஷத்தண்ணீர் வந்தாலும் முதலில் அதைத்தான் செய்யும், கதவைச் சாத்தும். மட்டியும் அப்படித்தான், ஓட்டை மூடிக்கொள்ளும். நண்டுக்கு மூடி இல்லை, அது வரப்பேறி ஓடும். அதனால் ஒரு நாள், இரண்டு நாள் சோதனையில் இவை என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்ள, இவற்றோடு பழகிய ஆள் வேண்டும்.

உலக அளவில் இந்தச் சோதனைக்கு ஒரு விதிமுறை இருக்கிறது. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்று பணக்கார நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் 1984இல் வெளியிட்டு 2004இல் திருத்திய 202ஆம் எண் வழிமுறை. அதன் முக்கிய உயிர் டாஃப்னியா மேக்னா என்னும் நீர்த்தெள்ளு. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளைத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மருந்தளவுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள், ஐந்தைந்தாக நான்கு கண்ணாடிக் குவளைகளில் விட்டால் நல்லது என்கிறது. இரை கிடையாது. தண்ணீரின் சூடு 18இலிருந்து 22 டிகிரிக்குள். 24ஆவது மணியிலும் 48ஆவது மணியிலும் எண்ண வேண்டும். பாதிக் குஞ்சுகள் முடங்கிப்போகும் அளவு எதுவோ அதுதான் அந்த மருந்தின் எண். ஆண் சேராமலே பெண் குட்டிபோடும் உயிர் இது. அதனால் குஞ்சுகள் எல்லாம் ஒரே அச்சு, சோதனைக்குச் சௌகரியம்.

முடங்கிப்போனது என்று எதை வைத்துச் சொல்வது? குவளையை மெதுவாக அசைக்க வேண்டும். அதற்கப்புறம் 15 விநாடிக்குள் நீந்தவில்லையென்றால் முடங்கியதாகக் கணக்கு. உணர்கொம்பு ஆடிக்கொண்டிருந்தாலும் சரி. இந்த வரியை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உயிர் இருக்கிறதா என்று கேட்கவில்லை பாருங்கள், நகர முடிகிறதா என்று கேட்கிறார்கள். கவிதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எங்கெங்கோ கொண்டுபோய் விடும். இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு விதி எனக்குப் பிடித்தது. மருந்தே போடாத தொட்டி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முடங்கினால் மொத்தச் சோதனையும் செல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். நம் சேரிக்கு எந்த வாய்க்காலைக் காட்டுவது?

டாஃப்னியா மேக்னா குளிர் நாட்டுக் குட்டைகளின் உயிர். நம் வயலில் சித்திரை வெயிலில் நிற்கும் தண்ணீரில் மத்தியானம் காலை வைத்துப் பாருங்கள், 20 டிகிரி என்றால் என்ன என்று அதற்குத் தெரியுமா என்று புரியும். சூடு ஏறினால் தண்ணீரில் காற்று குறையும், பெரும்பாலான மருந்துகளின் வேகமும் மாறும். நம் நாட்டு ஆய்வாளர்கள் இதை யோசிக்காமல் இல்லை. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வயல் நண்டை வைத்தே வரிசையாக ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். நத்தையிலும் மட்டியிலும் இந்தியா முழுக்க நடந்திருக்கிறது. ஆனால் கடையில் வாங்கும் டப்பாவில் இதெல்லாம் வராது. டப்பாவில் இருப்பது முக்கோணம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் பயமில்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்த நிறம் எதை வைத்து? எலி போன்ற பாலூட்டிகளின் உடல் எடைக் கணக்கை வைத்து. வாய்வழியாகக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையில் பாதி எலி செத்தால் சிவப்பு, 5000க்கு மேல் போனால் பச்சை. நண்டைப் பற்றி அந்த முக்கோணத்துக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. பூச்சியும் நண்டும் நீர்த்தெள்ளும் கணுக்காலி வகை, பங்காளிகள். பூச்சியின் நரம்பைப் பிடிக்கும் மருந்து நண்டின் நரம்பையும் பிடிக்கும். சைபர்மெத்ரின் என்ற மருந்து நீர்த்தெள்ளை முடக்க லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவே போதும். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.

நான் வங்கிக்காரன், ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். கார்போஃபியூரான் குருணை, 3 சதவீதம், ஏக்கருக்குப் பதிமூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் விஷம் மட்டும் 400 கிராம். அத்தனையும் கரைந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். எல்லாம் கரையாது, மண் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் உடைந்துபோகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீர்த்தெள்ளில் பாதியை முடக்க லிட்டருக்கு 100 மைக்ரோகிராம்கூட வேண்டாம். 2 மில்லிகிராமில் அது 20 தடவை அடங்கும். பயிர்க்கடன் விண்ணப்பத்தில் மருந்துச் செலவுக்கு ஒரு வரி இருக்கிறது. வடிகாலுக்கு இல்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது. ஒரு பண்ணையில் குருணை வீசிய மறுநாள் அம்மா நாற்றுப் பறிக்கப் போயிருந்தது. நண்டெல்லாம் வளையை விட்டு வரப்பில் ஏறி நின்றிருக்கின்றன. மற்ற நாளில் ஒரு நண்டு பிடிக்கக் கையை வளைக்குள் விட்டுக் கடிபட வேண்டும். அன்றைக்குக் குனிந்து எடுத்தால் போதும். முந்தானை நிறைய வந்தது. ராத்திரி தம்பிக்கு வாந்தி, வாயில் எச்சில் ஒழுகியது, கை கால் உதறியது. மாட்டு வண்டியில் வைத்துக்கொண்டு போனோம், பிழைத்தான். பண்ணைக்காரர் சொன்னது: "நண்டு திங்கிற பசங்களுக்கு இப்படித்தான் ஆகும்." தோழர்களே, சுலபமாகக் கிடைத்த நண்டுதான் விஷமுள்ள நண்டு. இதை அம்மா அன்றைக்குக் கற்றுக்கொண்டது. எந்த டப்பாவிலும் இது தமிழில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

1958இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம்தான் பூச்சிமருந்துக்குச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. சட்டம் வர 1968 ஆயிற்று. நடுவில் 1960-61இல் தொடங்கிய பேக்கேஜ் திட்டத்தில் தஞ்சாவூர் முதல் மாவட்டங்களில் ஒன்று. உரம், மருந்து, அப்புறம் ஆடுதுறை 27. விளைச்சல் ஏறியது. விளைச்சல் ஏறியதற்குக் கூலியும் ஏறட்டும் என்று கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? பூச்சிமருந்துச் சட்டம் வந்த அதே 1968, டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர். இரண்டையும் ஒரே ஆண்டென்று நான் வலிந்து கோக்கவில்லை. நாட்காட்டியில் அப்படித்தான் இருக்கிறது.

மருந்துகள் ஒவ்வொன்றாய்த் தடை ஆகின்றன, பொய்யில்லை. எண்டோசல்ஃபானை 2011 மே 13இல் உச்சநீதிமன்றம் நிறுத்தியது, காசர்கோட்டுப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு. ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. நம்முடைய வேலை அடுத்ததற்குக் காத்திருப்பதில்லை.

காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆற்றைச் சொல்லித்தான் இந்த ஊருக்குப் பேர். சேரிக்கு ஆறாவதாக ஒன்று இருக்கிறது, வடிகால். வாய்க்கால் மேட்டுத் தெருவைத் தொட்டு வயலுக்குப் போகும். வயலில் பட்டதெல்லாம் கழுவிக்கொண்டு வடிகால் நம் கொல்லைப்புறம் வழியாகப் போகும். ஆடு அதில்தான் குடிக்கிறது, பிள்ளைகள் அதில்தான் குதிக்கிறார்கள். ஆலைக் கழிவுக்காவது ஒரு விதி உண்டு. கழிவிலேயே மீனை விட்டு 96 மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்க வேண்டும். வயல் வடிகாலுக்கு அதுவும் இல்லை.

மாணவத் தோழர்களிடம் நான் கேட்பது பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. நான்கு பிளாஸ்டிக் தொட்டி. இரண்டில் மருந்தடித்த மறுநாள் எடுத்த வடிகால் தண்ணீர், இரண்டில் ஆற்றின் மேல்பக்கத்துத் தண்ணீர். தொட்டிக்குப் பத்து நத்தை, ஒரே அளவானது, ஒரே குளத்தில் பிடித்தது. நிழலில் வையுங்கள். இரை வேண்டாம். 24, 48, 96 மணியில் எண்ணுங்கள். மூடியது எத்தனை, நல்ல தண்ணீரில் போட்டுத் திறந்தது எத்தனை, நாறியது எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். என்ன மருந்து, எப்போது அடித்தது, யார் வயல் என்பதையும் எழுதுங்கள். வயல்காரர் பெயரை மட்டும் வெளியில் சொல்ல வேண்டாம், அடிவாங்குவது நம் ஆட்கள். கையில் உறை போடுங்கள். சோதனை நத்தையை யாரும் குழம்புக்கு எடுக்காதபடி ஆழமாகப் புதையுங்கள். இதை வைத்து எந்த மருந்து என்று நிரூபிக்க முடியாது. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று காட்டலாம், தண்ணீரை எடுத்துச் சோதி என்று கேட்கலாம். கேட்கும்போது கையில் நோட்டு இருக்க வேண்டும்.

குறுவைக்குத் தண்ணீர் வந்து முதல் மருந்து அடிக்கும் வாரத்தில் தொடங்குவோம். நத்தைக்கு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். முன்பு அரை மணியில் ஒரு பை ரொம்பும், இப்போ விடிஞ்சு போய் மத்தியானம் வரைக்கும் தேடணும் என்றது. நாற்பது வேண்டும் என்றேன். "ரெண்டு நாள் ஆகும்டா" என்றது.